அன்னைக்குச் சாத்தும் பட்டு

திருவிழாக் காலத்தில் அன்னையின் சந்நிதியில் கைகூப்பி நிற்கும் மெய்யன்பர்கள் முதலில் காண்பது அவளது திருமுகத்தை. அடுத்துக் காண்பது அவள் உடுத்தியிருக்கும் பட்டை. அந்தப் பட்டு எவ்வூரில், எவர் கையால் நெய்யப்பட்டது, திருவிழா முடிந்தபின் அது எங்கே போகிறது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நானும் நெடுங்காலம் எண்ணிப் பார்த்தவன் அல்லேன். சென்ற கும்பாபிஷேகத்திற்குச் சில மாதங்கள் முன்பு, ஆலயத்தின் வஸ்திரப் பெட்டிகளைத் திறந்து கணக்கெடுக்கும் பணியை நிர்வாகக் குழு என்னிடம் ஒப்படைத்தது. அரசாங்க ஊழியன் என்பதால் பதிவேடு எழுதுவதில் வல்லவனாக இருப்பேன் என்று கருதினார்கள் போலும்.

பெட்டிகள் மூன்று. மூன்றும் இரும்பாலானவை, மடைப்பள்ளிக்குப் பின்னாலுள்ள சிற்றறையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. மேற்பெட்டியில் அண்மைக் காலத்துச் சேலைகள், நெகிழிப் பைகளில் கட்டியபடி இருந்தன. அடியிலிருந்த பெட்டியைத் திறந்தபோது எழுந்த நாற்றத்தை இம்மலரில் எழுதுவது நாகரிகமாகாது. ஈரத்தோடு மடித்து வைத்த பூச்சரங்களின் எச்சம், எண்ணெய்ப் பிசுக்கு, துருப்பிடித்த ஊக்குகள், பாச்சை உருண்டை கரைந்து படிந்த வெண்கறை ஆகிய அனைத்தும் அங்கு ஒருசேர இருந்தன. அவற்றுக்கு இடையே அரக்கு நிற உடலும் மாம்பழ மஞ்சள் கரையும் கொண்ட ஒரு காஞ்சிப் பட்டு கிடந்தது. கரையில் ருத்திராட்சக் கோடு. அதற்கு மேல் கோபுர வரிசை. அதனை நான் ஒரு நிழற்படத்தில் பல நூறு முறை பார்த்திருக்கிறேன். அது என் தாயாரின் திருமணப் புடவை.

அந்தப் புடவையின் கதையைப் பின்னர்ச் சொல்கிறேன். அதைக் கையில் எடுத்த நாள்முதல், இத்தகைய பட்டு எவ்வாறு உருவாகிறது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்தவற்றுள் நம் ஆலய அன்பர்கள் அறிய வேண்டியவை என்று தோன்றியவற்றை இங்கே எழுதுகின்றேன்.

தமிழருக்குப் பட்டு புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில், மகளிர் இரவில் பட்டைக் களைந்து மெல்லிய துகில் உடுத்தும் செய்தி வருகிறது. சிலப்பதிகாரம் அதே நகரின் தெருக்களை வருணிக்கும்போது, பட்டு, மயிர், பருத்தி ஆகிய மூவகை நூலாலும் நுட்பமாக நெய்யும் காருகர் குடியிருப்பைக் குறிக்கிறது. ஆயினும் அக்காலத்துப் பட்டு நூல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், சீனத்தை நோக்கித்தான் கை நீட்ட வேண்டியிருக்கும். வடமொழி நூல்கள் பட்டுத் துணியைச் சீனத்தின் பெயராலேயே வழங்கின. நம் நாட்டு மலாய் மொழியில் பட்டுக்கு 'சுத்ரா' என்று பெயர்; அதுவோ நூல் எனப் பொருள்படும் வடசொல்லான 'சூத்ர'த்திலிருந்து வந்தது. ஒரே துணி கடல் கடந்து போகும்போது ஓர் ஊரில் நாட்டின் பெயரையும் மற்றோர் ஊரில் நூலின் பெயரையும் பெற்றிருக்கிறது.

காஞ்சிக்கும் சீனத்திற்கும் இடையே ஒரு சுவையான தொடர்பு உண்டு. கயிலாசநாதர் கோயிலைக் கற்றளியாக எழுப்பிய பல்லவ மன்னன் இராசசிம்மன், அதாவது இரண்டாம் நரசிம்மவர்மன், கி.பி. 720-இல் சீனப் பேரரசனிடம் தூதனுப்பினான். அத்தூதருக்குப் பூவேலை செய்த பட்டாடையும் பொற்கச்சையும் பரிசளிக்கப்பட்டதாகச் சீனக் குறிப்புகள் கூறுகின்றன. இன்று உலகுக்கெல்லாம் பட்டு அனுப்பும் காஞ்சி, அன்று பட்டாடையைப் பரிசாகப் பெற்றது.

நெசவாளருக்கும் ஆலயத்திற்கும் உள்ள உறவு இதனினும் ஆழமானது. மாளவ நாட்டின் மந்தசோர் என்னும் ஊரில் கிடைத்த ஒரு கல்வெட்டு, குசராத்துப் பகுதியிலிருந்து அங்குக் குடிபெயர்ந்த பட்டு நெசவாளர் சங்கத்தார் கி.பி. 436 அளவில் ஒரு சூரியன் கோயிலைக் கட்டியதையும், அது பழுதுற்றபோது கி.பி. 473-இல் புதுப்பித்ததையும் சொல்கிறது. ஆலயக் கட்டுமானத்திற்கும் திருப்பணிக்கும் பொருள் சேர்த்த அந்த நெசவாளர்கள், நம்மைப் போன்ற ஒரு நிர்வாகக் குழுவாகவே இயங்கியிருக்க வேண்டும்.

காஞ்சிக்கே வந்தால் சான்று இன்னும் தெளிவாக இருக்கிறது. 10-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஆண்ட உத்தம சோழனின் செப்பேடு ஒன்று சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளது. காஞ்சி ஊரகத்துத் திருமால் கோயிலைப் பற்றியது அது. கோயிலுக்கு உரிய முதலை நகரின் நெசவாளர் சேரியினர் வட்டிக்குப் பெற்றுப் பூசைக்கும் விழாவுக்கும் வழங்கி வந்தனர். கோயில் காரியங்களை மேற்பார்க்கும் பொறுப்பும் பட்டசாலியர் வாழ்ந்த பகுதியினரிடம் விடப்பட்டிருந்தது. தறியில் இழை எண்ணிப் பழகியவர்கள் ஆலயக் கணக்கையும் எண்ணினார்கள் என்று இதனைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வாசித்துத் திணறிய அனுபவம் எனக்கு உண்டு. ஆகவே அவர்கள்மீது எனக்குத் தனி மதிப்பு ஏற்பட்டது. சோழர் கல்வெட்டுகளில் இறைவனுக்குச் சாத்தும் ஆடையைப் 'பரிசட்டம்' என்பார்கள். விளக்குக்கு நெய்யும் அமுதுக்கு அரிசியும் போலவே பரிசட்டத்திற்கும் நிவந்தம் வைத்தனர்.

இன்று நாம் காணும் காஞ்சிப் பட்டின் தொழில் முறை, விசயநகர வேந்தர் கிருட்டிணதேவராயர் காலத்தில் (1509–1529) ஆந்திரப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய சாலியர், தேவாங்கர் மரபினரால் வளம் பெற்றது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. செங்குந்தர் என்னும் கைக்கோளர் அதற்கு முன்பே அங்கு நெய்து வந்தனர். 1909-இல் காஞ்சியில் பிறந்து பின்னாளில் தமிழக முதலமைச்சராக விளங்கிய அறிஞர் அண்ணா அவர்களும் அம்மரபின் நெசவுக் குடும்பத்தவரே.

ஒன்றை இங்குச் சொல்ல வேண்டும். காஞ்சி, பட்டு விளையும் ஊரன்று. நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திப்பு சுல்தான் ஊக்குவித்த பட்டுப்பூச்சி வளர்ப்பு அங்கே வேரூன்றிவிட்டது. சரிகையோ குசராத்தின் சூரத்து நகரிலிருந்து வருகிறது. நூலும் சரிகையும் பிற ஊருடையவை. காஞ்சிக்குச் சொந்தமானது கைத்திறன் ஒன்றே.

அக்கைத்திறனின் உச்சம் கோர்வை. சேலையின் உடல் ஒரு நிறம், இருபுறக் கரைகள் வேறு நிறம் என்று இருப்பதை எல்லாரும் பார்த்திருப்போம். ஒரே நாடா அகலம் முழுவதும் ஓடினால் ஊடை நிறம் கரையிலும் உடலிலும் கலந்துவிடும். கரை தன் நிறத்தில் தூய்மையாக நில்லாது. ஆகவே மூன்று நாடாக்களைக் கொண்டு நெய்கின்றனர். ஒன்று இடக்கரைக்கு, ஒன்று உடலுக்கு, ஒன்று வலக்கரைக்கு. கரை முடிந்து உடல் தொடங்கும் இடத்தில் இரண்டு ஊடையும் ஒன்றையொன்று கோத்துத் திரும்ப வேண்டும். நெசவாளர் ஒருவரால் இது முடியாது. வலப்புறத்தில் ஒரு துணையாள் அமர்ந்து, ஒவ்வோர் இழைக்கும் தன் நாடாவைத் தள்ளித் தர வேண்டும். இருவரின் கையும் ஒரே தாளத்தில் இயங்கவில்லை என்றால், அந்த இணைப்புக் கோட்டில் பிழை தெரிந்துவிடும். பழைய சேலையைப் புரட்டிப் பின்புறத்தைப் பாருங்கள். கரையும் உடலும் சேரும் கோட்டில் சற்றே மேடுபள்ளமாக, பல் வைத்தாற்போல் இழைகள் கோத்திருக்கும். அதுவே கோர்வைக்கு அடையாளம்.

முந்தானை வேறு நிறமாக அமைய வேண்டுமாயின் மற்றொரு வித்தை தேவை. உடலின் பாவு முடியும் இடத்தில், முந்தானைக்குரிய புதிய நிறப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய இழையோடு முறுக்கிச் சேர்க்க வேண்டும். பல ஆயிரம் இழைகள். வழுக்காமல் இருக்க விரலைச் சாம்பலில் தொட்டுக்கொண்டு முறுக்குவார்கள். இதனைப் பிட்னி என்பர். முந்தானைக்கும் உடலுக்கும் நடுவே இரு நிறமும் கலந்த ஒரு சிறு பட்டை தென்பட்டால் அது பிட்னி செய்த சேலை. கடையில் அதனைக் 'கறை' என்று கருதித் திருப்பிக் கொடுத்த அம்மையார் ஒருவரை நான் அறிவேன்.

தெருவில் பாவை நீட்டி, அரிசிக் கஞ்சி தோய்த்து, வெயில் ஏறுமுன் உலர்த்துவது காஞ்சியின் காலைக் காட்சி. அந்தக் கஞ்சியும் முறுக்கேறிய இரட்டை இழையுமே துணிக்கு விறைப்பைத் தருகின்றன. பூவேலைக்குப் பண்டைக் காலத்தில் 'அடை' என்ற முறை இருந்தது; எந்த இழைகளைத் தூக்க வேண்டும் என்பதை நூற்கட்டுகளாகத் தறியிலேயே கட்டி வைத்து, துணையாள் ஒவ்வொன்றாக இழுத்துத் தருவார். பிரான்சு நாட்டின் சக்கார்டு என்பவர் 1804-இல் உருவாக்கிய துளையட்டைப் பொறி, 20-ஆம் நூற்றாண்டில் அந்த வேலையைப் பெரிதும் எடுத்துக்கொண்டது. பெயர்கள் மட்டும் பழைமை மாறாமல் நிற்கின்றன: மயில்கண், யாளி, இருதலைப் பட்சி, தாழம்பூ, வைரஊசி, முத்துக்கட்டம். இவற்றுள் பாதியைக் காஞ்சிக் கோயில் தூண்களில் காணலாம். எளிய சேலைக்கே இருவர் பத்துப் பதினைந்து நாள் உழைக்க வேண்டும். கனத்த வேலைப்பாடு என்றால் ஒரு திங்களும் கடந்துவிடும்.

சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில், மெல்லிய ஆடைகளும் புதிய நாகரிகமும் வந்து பழைய அகலக் கரைகள் வழக்கொழியத் தொடங்கின. அந்நிலையில் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார், கலாசேத்திராவில் 1937-இல் நெசவுக்கூடம் அமைத்துப் பழைய கரைகளையும் நிறச் சேர்க்கைகளையும் மீட்டெடுத்தார். நாட்டியத்திற்கு அவர் ஆற்றிய தொண்டைப் பேசும் அளவுக்கு நெசவுக்கு ஆற்றியதை நாம் பேசுவதில்லை. இசையரசி எம்.எஸ். சுப்புலட்சுமி அவர்களின் பெயரால் ஒரு நீலமே வழங்குகிறது என்பது மாதர் அனைவரும் அறிந்ததே.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தோட்டங்களுக்குச் சஞ்சிக்கூலிகளாகவும் கங்காணி முறையிலும் வந்த நம் முன்னோரிடம் பட்டு இருந்திருக்க வழியில்லை. பட்டு, கப்பலில் பின்னர்தான் வந்தது. 'ரஜூலா' கப்பல் 1926 முதல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் எனக் கடலில் நடை போட்டது. அதனைத் தொடர்ந்து எம்.வி. சிதம்பரம் 1973 முதல் ஓடியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றிய பின் அக்கடற்பயணமே நின்றுபோனது. ஊருக்குப் போய்த் திரும்பும் ஒருவரிடம் 'எனக்கு ஒரு பட்டு' என்று சொல்லி அனுப்புவதற்கு ஆண்டுக்கணக்கில் சீட்டுப் பணம் சேர்த்த குடும்பங்கள் உண்டு. சப்பானியர் ஆட்சியின் (1942–1945) துணிப் பஞ்சத்தில், வைத்திருந்த நல்ல சேலைகளை அரிசிக்கு மாற்றியதாகப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

என் தாயாரின் புடவை 1977-இல் அவ்வாறுதான் வந்தது. பாட்டனாரின் தமக்கை ஊருக்குப் போய்விட்டுச் சிதம்பரம் கப்பலில் திரும்பும்போது, தகரப் பெட்டியின் அடியில் வேட்டித் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாராம். தாயாரிடம் இருந்த பட்டு அது ஒன்றே. 1986-இல், நான் தமிழ்ப்பள்ளியில் முதலாம் வகுப்புச் சேர்ந்த ஆண்டு, தோட்டத்து ஆலையில் நேர்ந்த விபத்தில் தந்தையார் கையில் பெருங்காயமுற்று, மூன்று வாரம் மருத்துவமனையில் கிடந்தார். கையை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். தாயார் அன்னையிடம் வேண்டிக்கொண்டார். கை தப்பியது. அடுத்த வெள்ளிக்கிழமையே தாயார் தம் திருமணப் புடவையைக் கொண்டுவந்து அன்னைக்குச் சாத்தினார். அதன் பின் எங்கள் வீட்டு மங்கல நிகழ்ச்சிகளுக்கெல்லாம் அவர் செயற்கைப் பட்டே உடுத்தினார். என் திருமணத்தின்போது நான் வாங்கித் தர முன்வந்த காஞ்சிப் பட்டையும் 'வேண்டாம் ஐயா' என்று மறுத்துவிட்டார்.

அந்தப் புடவைதான் அடிப்பெட்டியில் கிடந்தது. முந்தானை, மடிப்பு மடிப்பாகப் பிளந்திருந்தது. ஊக்குக் குத்திய இடங்களில் துரு, துணியைத் தின்றிருந்தது. எவரையும் குறைகூற எனக்கு வாயில்லை. ஏனெனில் பத்தாண்டுகளாக நானே நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். ஒருமுறைகூட அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தவன் அல்லேன்.

கணக்கெடுப்பில் வேறோர் உண்மையும் வெளிப்பட்டது. அண்மைக் காலத்தில் வந்த சேலைகளுள் கைத்தறிப் பட்டு மிகச் சிலவே. மற்றவை விசைத்தறியில் ஓடிய செயற்கை இழை. பெட்டியின்மேல் 'காஞ்சிபுரம்' என்று பொன்னெழுத்து. கரையிட்ட சேலைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கும் சட்டத்தை இந்தியா 1985-இல் இயற்றியது. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005-இல் கிடைத்தது. தூய பட்டுக்கு முத்திரை 2004 முதல் உண்டு. ஆயினும் கடைத்தெருவில் பெயரைத் திருடுவது எளிது. சரிகை இழை ஒன்றைச் சுரண்டிப் பார்த்தால் ஓரளவு தெரியும். நல்ல சரிகையின் உட்கரு செந்நிறப் பட்டு. அதன்மேல் தட்டிய வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியிருப்பர். தங்கம் நூற்றில் ஒரு பங்குகூட இராது. வெள்ளியே பெரும் பகுதி. வெள்ளி விலை ஏற ஏறச் செம்பு அதிகம் கலந்தது. அதற்கும் கீழே நெகிழியில் மினுமினுப்பு ஏற்றிய போலிச் சரிகை வந்தது. துணியின் ஓரத்து இழை ஒன்றைக் கொளுத்தினால், பட்டு முடி கருகும் மணத்தோடு பொடியாகும்; செயற்கை இழை உருகி மணியாகத் திரளும்.

விலை மலிந்த சேலையை அன்னை ஏற்கமாட்டாள் என்று நான் சொல்லவில்லை. அவ்வாறு சொல்ல எவருக்கும் உரிமையில்லை. பத்துச் செயற்கைச் சேலைகளை உபயமாகத் தருவதைவிட ஒரு நல்ல கைத்தறிப் பருத்திச் சேலை தருவது மேல் என்பதே என் கருத்து. பத்தும் பெட்டியில் கிடந்து மக்கும். ஒன்றோ ஒரு நெசவாளர் குடும்பத்தின் அடுப்பை எரிய வைக்கும்.

பட்டைப் பற்றிய புகழ்ச்சியை மட்டும் எழுதி முடித்தால் அது நேர்மையாகாது. கூட்டைக் கொதிநீரில் இட்டுத்தான் இழை எடுக்கிறார்கள். ஒரு சேலைக்குப் பல ஆயிரம் உயிர்கள். இதனால்தான் பட்டுக்குப் பேர்போன அதே காஞ்சியில் வாழ்ந்த சங்கராச்சாரியார் சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகள், பட்டு உடுத்துவதைக் கைவிடுமாறு அன்பர்களுக்கு அறிவுறுத்தினார். அவரது சொல்லை ஏற்றுப் பட்டைத் துறந்த குடும்பங்கள் நம் நாட்டிலும் உள்ளன. அடுத்தது, கோர்வைத் தறியின் வலப்பக்கம் அமர்ந்த அந்தத் துணையாளைப் பற்றியது. அவர் பெரும்பாலும் சிறுவராகவே இருந்தார். பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்கு ஈடாகப் பள்ளி செல்லாமல் நாடா தள்ளிய பிள்ளைகளைப் பற்றி மனித உரிமை அமைப்புகள் எழுதின; 2003-இல் வெளிவந்த ஓர் அறிக்கை காஞ்சியையும் குறிப்பிட்டது. அரசும் தொண்டு அமைப்புகளும் எடுத்த முயற்சியால் அக்கொடுமை பெரிதும் குறைந்தது. அதன் பயனாகக் கோர்வைக்குத் துணையாள் கிடைப்பது அரிதாயிற்று. பள்ளிக்குப் போன பிள்ளைகள் தறிக்குத் திரும்பவில்லை. திரும்ப வேண்டும் என்று கேட்க நமக்கு என்ன தகுதி? நம் பிள்ளைகளை நாம் அனுப்புவோமா? நியாயமான கூலி கிடைத்தால் பெரியவர்கள் இருவர் அமர்ந்து நெய்வார்கள், சேலையின் விலை உயரும், உயரத்தான் வேண்டும். திரெங்கானு மாநிலத்துச் சொங்கெட் நெசவும் இதே நிலையில்தான் இருக்கிறது. 2021-இல் யுனெஸ்கோ அதனை மனித குலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது.

இனி நம் வசம் இருப்பவற்றைக் காக்கும் வழியைச் சொல்ல வேண்டும். நம் நாட்டின் ஈரக் காற்றே பட்டுக்கு முதல் பகை. அபிடேகம் முடிந்த உடனே அலங்காரம் செய்யும்போது, கல் திருமேனியில் ஈரம் எஞ்சியிருக்கும். மெல்லிய பருத்தித் துணியை உள்ளாடையாகச் சாத்திய பின்னரே பட்டைச் சாத்த வேண்டும். குருக்கள் ஐயா விசிறி மடிப்பு வைக்கும் அழகைக் கண்டு மகிழ்கிறோம். அந்த மடிப்பை நிறுத்த இரும்பு ஊக்கு வேண்டாம். நாடாவால் கட்டினாலே நிற்கும். ஊக்கு தவிர்க்க முடியாதெனில் துருப்பிடியாத எஃகு ஊக்கு இருக்கட்டும். இரட்டைக் கரை அமைந்த பதினெட்டு முழச் சேலையே அன்னைக்கு நிறைவாக மடியும். ஆறு கெசச் சேலை பெரிய திருமேனிக்குப் போதாமல் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும், அதிலேயே இழை விட்டுப்போகும். உபயக்காரர்கள் வாங்குமுன் ஆலய அலுவலகத்தில் அளவைக் கேட்டுக்கொண்டால் நல்லது.

களைந்த சேலையை அன்றே மடித்து வைக்கலாகாது. நிழலில், காற்றாடும் இடத்தில் ஒரு நாள் விரித்துவிட வேண்டும். நேர் வெயில் ஆகாது. எண்ணெய் பட்ட இடத்தில் முகப்பொடியைத் தூவி இரவு முழுதும் விட்டுத் தட்டினால் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும், தேய்க்கக் கூடாது. குங்குமக் கறையில் தண்ணீர் படக்கூடாது. உலர்ந்தபின் மென்தூரிகையால் தட்டிவிட்டு, எஞ்சியதை உலர்சலவைக்கு அனுப்ப வேண்டும். சலவைக் கடையில் 'இது சரிகைப் பட்டு' என்று வாயால் சொல்லிக் கொடுப்பது அவசியம். சொல்லாமல் கொடுத்த என் மனைவியின் சேலை ஒன்று நீராவிப் பொறியிலிருந்து பாய்போல வந்தது. இசுத்திரி போடும்போது குறைந்த சூட்டில், சரிகையின்மேல் பருத்தித் துணி விரித்து, பின்புறமாகப் போட வேண்டும். வாசனைத் திரவியத்தை ஆடைமேல் தெளிப்பதால் சரிகை கறுக்கும்.

நெகிழிப் பையே பெரும் தீங்கு. காற்றில்லாமல் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். சலவை செய்த பழைய வேட்டித் துணியில் சுற்றுவதற்கு ஈடில்லை. அந்தப் பெரியம்மா 1977-இல் செய்தது அதுதான். இரப்பர் வளையத்தால் கட்டாதீர்கள். இரப்பர் தோட்டத்தில் பிறந்த எனக்கே இது பின்னால்தான் தெரிந்தது: இரப்பரைப் பதப்படுத்தும் கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். பாச்சை உருண்டையைச் சேலைமேல் போடாமல், சிறு முடிப்பாகப் பெட்டி மூலையில் தொங்கவிடலாம். வசம்பும் உலர்ந்த வேப்பிலையும் போதும் என்பார் தாயார். மூன்று திங்களுக்கு ஒருமுறை எடுத்து உதறி, பழைய மடிப்பை விட்டு வேறு மடிப்பில் மடிக்க வேண்டும். ஒரே மடிப்பு ஆண்டுக்கணக்கில் நின்றால், சரிகையின் உலோகம் பட்டை உள்ளிருந்து அறுத்துவிடும். அடிப்பெட்டியில் நடந்தது அதுவே.

குழுவின் முடிவுப்படி இரும்புப் பெட்டிகள் போயின. காற்றுப் புகும் மரத்தட்டு அலமாரி வந்தது. ஒவ்வொரு சேலைக்கும் ஓர் எண், உபயக்காரர் பெயர், சாத்திய நாள், கடைசியாக மடித்த நாள் ஆகியவை பதிவேட்டில் உண்டு. ஒவ்வொரு காலாண்டின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளிர் பிரிவினர் கூடி மடிப்பு மாற்றுகிறார்கள். நல்ல நிலையில் உள்ளவை ஏலத்திற்கும் ஏழைப் பெண்களின் திருமணத்திற்கும் அன்னையின் பிரசாதமாகச் செல்கின்றன.

தாயாரிடம் அந்தப் புடவையைப் பற்றிச் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு வாரம் தயங்கினேன். இறுதியில் சொன்னேன். எழுபது வயது கடந்த அவர் அதை மடியில் விரித்து, பிளந்த முந்தானையை விட்டுவிட்டு, கரையை விரலால் தடவிப் பார்த்தார். உடல் பல இடங்களில் கிழிந்தும், கோர்வைக் கோடு ஓரிடத்தில்கூடப் பிரியவில்லை. "கொடுத்தது கொடுத்ததுதான். அது அம்மாவோடது, என்கிட்ட ஏன் கேக்கிற, அய்யர்கிட்ட கேளு" என்றார்.

குருக்கள் ஐயாவின் இசைவோடு, மடிப்புக்கும் மடிப்புக்கும் இடையே பழுதின்றி இருந்த கரைப் பகுதிகளை வெட்டி, புதிய பருத்தித் துணியில் பொருத்தி, உற்சவ அன்னைக்கு ஒரு சிறு பாவாடை தைத்தோம். தைத்துக் கொடுத்தவர் தாயாரே. இவ்வாண்டுத் திருவிழாவின் மூன்றாம் நாள் வீதியுலாவில் அன்னை உடுத்தி வந்த மாம்பழ மஞ்சள் கரைப் பாவாடை அதுதான். பதிவேட்டில் அதன் எண் 1. உபயக்காரர் பெயருக்கு நேரே தந்தையாரின் பெயரை எழுதச் சொன்னார் தாயார். சாத்திய நாள் என்ற இடத்தில் 1986 என்றே எழுதியிருக்கிறேன்.